தாங்கிக்கொள்ளச் சொல்வது யார்?

எண்பது வயது ஆயா வலியில் கத்தினால் வார்டே முகம் சுளிக்கிறது. கத்தாமல், பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தால், "ரொம்பத் தாங்குறாங்கப்பா" என்று வந்தவர்களெல்லாம் மெச்சிவிட்டுப் போகிறார்கள். இந்த மெச்சுதலைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். அவள் தாங்கிக்கொண்டால் நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நமக்கு வேலை மிச்சமாவதைத்தான் அவளுடைய குணம் என்று சொல்லிக் கொண்டாடுகிறோம்.

இடுப்பு எலும்பு முறிவைப் பற்றிப் பேசுகிறேன். எலும்பு ஒடிகிற இடம் தொடை எலும்பின் மேல் நுனியில் இருக்கிறது, பந்துக்கிண்ண மூட்டுக்கு உள்ளே நுழையும் கழுத்துப் பகுதியிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ. வயதானவர்களுக்கு இது நேர மாடியிலிருந்து விழ வேண்டாம், லாரி மோத வேண்டாம். நின்ற இடத்தில் கால் வழுக்கினாலே போதும். 1990-இல் உலகம் முழுக்க ஏறத்தாழ 16.6 லட்சம் பேருக்கு இப்படி முறிந்தது என்றும், 2050-க்குள் அது 62.6 லட்சமாகும், அதில் பாதி ஆசியாவில் இருக்கும் என்றும் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டார்கள். முதியவர்கள் பெருகிக்கொண்டே போகிற புதுச்சேரி போன்ற ஊரில் இந்தக் கணக்குக்குத் தெருப்பெயரும் வீட்டு எண்ணும் உண்டு.

முத்தியால்பேட்டை மணிக்கூண்டை ஒட்டிய சந்துகளில் பழைய வீடுகள் முன்பக்கம் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் போகும். கழிப்பறை கடைசியில், ஒரு படி இறங்கி, எப்போதும் ஈரமாக இருக்கும் சிமெண்டுத் தரையைத் தாண்டி. விடியற்காலையில் விளக்கைப் போட்டால் பிள்ளைகள் விழித்துக்கொள்வார்களே என்று இருட்டிலேயே நடந்து போகிற ஆயா அந்தப் படியில் விழுகிறாள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. வீட்டார் முதலில் செய்வது அவளைத் தூக்கி நிறுத்திப் பார்ப்பது. அடுத்தது, தைலம். அதற்கும் அடுத்தது, "புத்தூர் கட்டுக்குப் போயிடலாமா" என்ற பேச்சு. ஆட்டோ சந்துக்குள் வராது. ஆகவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்குவார்கள். ஒடிந்த இடுப்பை மடக்கி உட்கார வைப்பதைவிடக் கொடிய வேலை அந்த நேரத்தில் வேறு இல்லை. அன்போடுதான் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அவள் கத்துகிறாள். "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, வந்துடுச்சு" என்கிறார்கள். பிறகு வேகத்தடை வேகத்தடையாக ஆட்டோ குலுங்கிக்கொண்டு போகிறது.

ஒரு போர்வையை நாலு பக்கம் பிடித்தோ, பலகையில் கிடத்தியோ, இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை வைத்துச் சேர்த்துக் கட்டி, படுத்த நிலையிலேயே தூக்கியிருக்கலாம். 108-ஐக் கூப்பிட்டு ஸ்ட்ரெச்சர் வரும்வரை தரையிலேயே விட்டுப் போர்த்தியிருக்கலாம். இது எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரப்படவில்லை. எத்தனையோ விரதங்களின் விதிமுறை நமக்கு மனப்பாடம். விழுந்தவளை எப்படித் தூக்குவது என்று தெரியாது.

ஆஸ்பத்திரி தூரமில்லை. ஜி.ஹெச்.சும் ஜிப்மரும் சில கிலோமீட்டர்தான். இந்த ஊருக்கு மருத்துவமும் புதிதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1823-இலேயே இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். ஜிப்மர் தன் வேரை அங்கிருந்துதான் சொல்கிறது. பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்து காட்டியது 1846 அக்டோபர் 16 அன்று. அதாவது புதுச்சேரியில் மருத்துவம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி 23 ஆண்டுகள் ஆன பிறகுதான் மயக்க மருந்து உலகறிய வந்தது. அதுவரை கத்தியை வைப்பவனுக்கு முன்னால் தாங்கிக்கொள்வதைத் தவிர பெரும்பாலான நோயாளிகளுக்கு வேறு வழி கிடையாது. இன்று வழி இருக்கிறது. வழி இருந்தும் தாங்கச் சொல்வதை விதி என்று எப்படிச் சொல்வது?

நான் எந்த ஒரு மருத்துவமனையையும் குறிவைத்து எழுதவில்லை. தமிழ் பேசும் நிலம் முழுக்க, அரசு, தனியார் என்ற வேறுபாடில்லாமல் காணும் வழக்கத்தைச் சொல்கிறேன். வந்ததும் ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி. எக்ஸ்ரே மேசையில் புரட்டிப் போட்டுப் படம். பிறகு காலில் கட்டுப் போட்டு, கட்டில் விளிம்பில் வெயிட் தொங்கவிடுவார்கள். அடுத்தது ரத்தப் பரிசோதனை, எக்கோ, இருதய டாக்டரின் கையெழுத்து, காப்பீட்டு அனுமதி, பிளேட்டுக்கோ செயற்கை மூட்டுக்கோ பணம். இரண்டு நாள், நாலு நாள், சில நேரம் ஒரு வாரம்.

அந்த டைக்ளோஃபெனாக் ஊசி வயதானவர்களின் சிறுநீரகத்தையும் குடலையும் பதம் பார்க்கக்கூடியது. இடுப்பு முறிவுக்கு அந்த வகை மருந்துகளைப் பரிந்துரைக்கவில்லை என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2011-இலேயே எழுதிவைத்தது. ஆறு மணிக்கொரு முறை பாராசிட்டமால், போதாவிட்டால் ஓபியம் வகை மருந்து, அதற்கும் மேலே நரம்பைச் சுற்றி ஊசி என்பது அவர்கள் சொன்ன முறை. தொங்கும் வெயிட்டைப் பற்றி காக்ரேன் குழு 2011-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அறுவைக்கு முன்னால் வழக்கமாக வெயிட் கட்டுவதால் வலி குறைகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனாலும் கட்டுகிறோம். நேற்றுக் கட்டினார்கள், இன்றைக்கும் கட்டுகிறோம். பூனை குறுக்கே போனால் திரும்பி நடப்பவனைப் பார்த்துச் சிரிக்கும் நாம், காரணம் கேட்காமல் தொடரும் பழக்கம் வெள்ளைக் கோட்டுக்குள்ளும் இருக்கலாம் என்பதை ஏன் யோசிப்பதில்லை?

நரம்பைச் சுற்றிப் போடும் அந்த ஊசி என்ன? இடுப்பின் முன்பக்கம், தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்புக்குச் சற்றுக் கீழே, தசையின் மேல் ஒரு உறை இருக்கிறது. அந்த உறைக்கு அடியில் மரப்பு மருந்தைப் பரவ விட்டால், ஒடிந்த இடத்திலிருந்து வலியைச் சுமந்து போகும் முக்கிய நரம்புகள் அடங்கிவிடும். அரை மணி நேரத்தில் வேலை செய்யும், பல மணி நேரம் நிற்கும். பிரான்சில் டாலன்ஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவும் இதைக் குழந்தைகளுக்குச் செய்து 1989-இல் எழுதினார்கள். மூட்டின் நரம்புகளை மட்டும் குறிவைக்கும் இன்னொரு முறை 2018-இல் வந்தது. 2020-இல் வெளியான காக்ரேன் தொகுப்பு 49 ஆய்வுகளையும் 3,061 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. ஊசி போட்ட அரை மணிக்குள், உடம்பை அசைக்கும்போது எழும் வலி பத்துக்கு இரண்டரை அளவு கூடுதலாகக் குறைந்தது. புத்தித் தடுமாற்றமும் நெஞ்சுச் சளித் தொற்றும் குறைந்தன. இதற்கு வேண்டிய பியூபிவகைன் என்ற மருந்து, சிசேரியனுக்கு முதுகுத்தண்டில் போடுகிறார்களே, அதே மருந்துதான். சிசேரியன் நடக்கும் எந்த ஆஸ்பத்திரியிலும் அது அலமாரியில் இருக்கும். எடைக்கு ஏற்ற அளவும், பழகிய கையும், போட்ட பிறகு கொஞ்ச நேரக் கண்காணிப்பும் வேண்டும். பிரிட்டனில் பல இடங்களில் பயிற்சி பெற்ற செவிலியர்களே போடுகிறார்கள். ஆக, மருந்தும் இருக்கிறது, வழிமுறையும் இருக்கிறது, செலவும் அதிகமில்லை. குறைவது ஒன்றே ஒன்று: அவளுக்கு வலிக்கிறது என்பதை ஒரு அவசரமாக நாம் எடுத்துக்கொள்வதில்லை.

இங்கே வார்டில் நடக்கும் ஒரு சின்னக் காரியத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் வருகிறார். "வலி இருக்காம்மா?" அசையாமல் கிடக்கிற ஆயா "பரவால்ல ஐயா" என்கிறாள். அது பொய்யில்லை. அசையாமல் கிடந்தால் வலி அடங்கித்தான் இருக்கும். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். பத்து நிமிடம் கழித்து பெட்பேன் வைக்க இடுப்பைத் தூக்குகிறார்கள். ஒடிந்த இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று உரசுகின்றன, தொடைத் தசை இறுகி இழுக்கிறது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி அது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது மருமகளோ ஆயம்மாவோ மட்டுமே. மறுநாள் ஆயா என்ன செய்கிறாள்? தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறாள். குடித்தால் போக வேண்டும், போனால் தூக்குவார்கள், தூக்கினால் வலிக்கும். "எவ்ளோ கெஞ்சினாலும் குடிக்க மாட்டேங்குறாங்க" என்று மகள் அலுத்துக்கொள்கிறாள். உடம்பு வற்றுகிறது, சிறுநீரில் தொற்று வருகிறது, இரவில் ஆயா செத்துப்போன கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், டியூபைப் பிடுங்குகிறாள், கையைக் கட்டிலோடு கட்டுகிறார்கள். "வயசாச்சு, புத்தி பிசகிடுச்சு" என்று முடிவாகிறது. எங்கே ஆரம்பித்தது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வலி மருந்து கொடுத்தால் புத்தி தடுமாறும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு தகவல். நியூயார்க்கில் ஷான் மாரிசனும் உடன் பணியாற்றியவர்களும் இடுப்பு முறிந்த 541 பேரைக் கவனித்து 2003-இல் எழுதினார்கள். புத்தி தெளிவாக இருந்தவர்களில், கடும் வலி சரியாகத் தணிக்கப்படாதவர்களுக்குப் புத்தித் தடுமாற்றம் வரும் வாய்ப்பு ஒன்பது மடங்கு அதிகம். மார்ஃபின் மிகக் குறைவாகக் கிடைத்தவர்களே அதிகம் தடுமாறினார்கள். அளவு தெரியாமல் கொட்டினால் மருந்தும் கெடுக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் வலியை அப்படியே விட்டுவைப்பது பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு அடிப்படை கிடையாது.

அதே மாரிசன் 2000-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வுதான் என்னைத் தூங்கவிடாதது. ஒரே முறிவு, ஒரே மாதிரி அறுவை. புத்தி தெளிவாக இருந்தவர்களுக்குக் கிடைத்த மார்ஃபினில் மூன்றில் ஒரு பங்குதான் முற்றிய மறதி நோய் உள்ளவர்களுக்குக் கிடைத்தது. எலும்புக்கு மறதி வரவில்லை. வாய்தான் சொல்ல முடியாமல் போனது. சொல்லத் தெரியாதவருக்கு வலிக்காது என்று மருத்துவம் முன்பும் நம்பியிருக்கிறது. பச்சிளங்குழந்தைகளின் நரம்பு முற்றவில்லை, அவர்களுக்கு வலி தெரியாது என்று சொல்லி, போதிய வலி மருந்து இல்லாமலே நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். அது ஏதோ இருண்ட காலத்தில் நடந்ததில்லை, 1980-களில் நடந்தது. இந்தியாவில் பிறந்த கன்வல்ஜீத் ஆனந்த் 1987-இல் ஆதாரத்தோடு மறுத்த பிறகே வழக்கம் மாறியது. குழந்தைக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. மறதி வந்த கிழவிக்கு இன்னும் கிடைக்கவில்லை. முகம் சுருங்குவதை, மூச்சு மாறுவதை, கையை இறுக்குவதை, தொட வந்தால் தள்ளிவிடுவதைப் பார்த்து வலியை மதிப்பிடும் முறைகள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புழக்கத்தில் உள்ளன. பார்ப்பதற்குக் கண் போதும்.

இனி நம்முடைய பங்குக்கு வருகிறேன். நாம் வலிக்கு எப்போதும் ஒரு அர்த்தம் வைத்திருக்கிறோம். போன ஜென்மத்துப் பாவம். இந்தப் பிறவியில் அனுபவித்துத் தீர்த்துவிட்டால் அடுத்ததில் நிம்மதி. சிலுவையில் அவர் பட்டதை நினைத்துக்கொள். இறைவன் சோதிக்கிறான். கோயிலும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் பக்கம் பக்கமாக நிற்கும் புதுச்சேரியில் எல்லா ஆறுதலும் கிடைக்கும். ஆனால் மதத் தலைவர்களே இதில் நம்மைவிடத் தெளிவாகப் பேசியிருக்கிறார்கள். 1957 பிப்ரவரி 24 அன்று போப் பன்னிரண்டாம் பத்திநாதர், மயக்கவியல் மருத்துவர்கள் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லும்போது, வலியை நீக்குவதற்காக, ஆயுள் சற்றுக் குறைய நேர்ந்தாலும்கூட, மருந்து கொடுக்கலாம் என்றார். போப்பாண்டவர் அனுமதித்ததை நம்முடைய வார்டு அனுமதிக்கத் தயங்குகிறது.

கடவுள் மறுப்பாளர்களும் இந்தப் பழியிலிருந்து தப்பிவிட முடியாது. பெரியார் தன் கடைசிப் பொதுக்கூட்டத்தில், 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில், வலி தாங்காமல் பேச்சின் நடுவே முனகினார். மீண்டும் பேசினார். ஐந்து நாளில் வேலூரில் இறந்தார். அந்த முனகலை நாம் தியாகமாக மட்டுமே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அதில் வேறொன்று கேட்கிறது. ஆயிரக்கணக்கானோர் முன்னால், 94 வயதில், தனக்கு வலிக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை. வலியைக் காட்டுவதில் வெட்கமில்லை என்று இருக்க அவரால் முடிந்தது. நம் வீட்டு ஆயாவுக்கு அந்த உரிமை ஏன் இல்லை? "பத்துப் பிள்ளை பெத்தவங்க, இதெல்லாம் அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல" என்கிறோம். பெற்ற வலிக்குப் பரிசாக இன்னொரு வலியா?

மார்ஃபினைப் பற்றிய பயத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். உலகத்தின் மருந்துத் தேவைக்கு அபின் விளைவிக்கும் நாடு இது. நீமச்சிலும் காஜிபூரிலும் அரசே ஆலை நடத்துகிறது. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு 716 கிலோவாக இருந்த மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 1997-இல் 18 கிலோவாக வீழ்ந்தது. ஒரு சிறு தவறுக்கும் சிறை என்றால் எந்த மருந்துக்கடைக்காரர் வாங்கி வைப்பார்? கேரளத்து மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோர் ஆண்டுக்கணக்கில் போராடி 2014-இல் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். உரிமம் வாங்கும் சிக்கல் குறைந்தது. தாள் மாறிவிட்டது, மனசு மாறவில்லை. "போதை மருந்தா கொடுக்கப் போறீங்க?" என்று எண்பது வயதுக்காரிக்காகப் பதறுகிற மகன் இருக்கிறான். சில நாட்களுக்கு, எடை பார்த்து, கண்காணித்துக் கொடுக்கும் மருந்தால் அவள் எந்தத் தெருவில் போய்த் தடுமாறுவாள்?

அடுத்தது பணம். இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. வார்டுக்கு வெளியே வராந்தாவில் குடும்பம் கூடுகிறது. மூத்தவன், இளையவன், பாரிசிலிருந்து போனில் பேசும் மூன்றாமவன், மாப்பிள்ளை. ஆபரேஷன் பண்ணலாமா, இந்த வயசில் தாங்குவாங்களா, யார் எவ்வளவு போடுவது. பெரும்பாலானவர்களுக்கு அறுவை செய்வதே நல்லது, சீக்கிரம் செய்வது இன்னும் நல்லது. இந்தியா உட்பட 17 நாடுகளில் 2,970 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2020-இல் வந்தது. விரைந்து அறுவை செய்ததால் சாவு குறையவில்லை. ஆனால் புத்தித் தடுமாற்றம் குறைந்தது, எழுந்து நடப்பது முந்தியது. மிகவும் தளர்ந்து, ஏற்கனவே படுக்கையோடு கிடந்தவர்களுக்கு அறுவை வேண்டாம் என்று குடும்பமும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுப்பதும் நியாயமான வழிதான். நெதர்லாந்தில் முதியோர் இல்லங்களில் இருந்தவர்களைப் பற்றிய ஆய்வொன்று 2022-இல் அதைக் காட்டியது. அங்கே அறுவை வேண்டாம் என்றவர்களுக்கு வலி தணிக்கும் மருத்துவம் முழுசாகக் கிடைத்தது. இங்கே "ஆபரேஷன் வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தால், கையில் இருப்பது பத்து மாத்திரை. அறுவையை மறுக்க உங்களுக்குக் காரணம் இருக்கலாம். வலி மருந்தையும் சேர்த்து மறுக்கும் அதிகாரத்தை யார் கொடுத்தது? பேச்சுவார்த்தை மூன்று நாள் நீளட்டும். முதல் மணி நேரத்திலேயே அவள் வலியை அடக்கிவிட்டுப் பேசுங்கள்.

வலி ஒரு எச்சரிக்கை, அதை மறைத்தால் நோய் தெரியாது என்று படித்தவர்களே வாதிடுகிறார்கள். எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்த நிமிடத்தோடு அந்த எச்சரிக்கைக்கு வேலை முடிந்தது. அதற்குப் பிறகும் ஒலிக்கவிடுவதால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? இன்னொரு தடை, நரம்பைச் சுற்றி ஊசி போடும் இடத்தைப் பார்க்க உதவும் ஸ்கேன் கருவி. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு கருவியும் பதிவாக வேண்டும், இடம் மாற்றுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. தேவையான சட்டம்தான். பெண் சிசுவைக் காக்க வந்த விதி கிழவியின் கட்டிலருகே ஸ்கேனைக் கொண்டுவரத் தடையாகிவிடக் கூடாது. அவசரப் பிரிவுக்கென்றே ஒரு கருவியைப் பதிவு செய்து வைப்பது நிர்வாகம் நினைத்தால் முடிகிற காரியம். கருவி இல்லாமல், கையால் தடவி இடம் கண்டறிந்தே இந்த ஊசியைப் போடும் பழைய முறையும் இருக்கிறது.

காய்ச்சலும் ரத்த அழுத்தமும் எழுதும் தாளில் வலிக்கு ஒரு கட்டம் இருக்க வேண்டும், அதை அசையும்போது கேட்டு எழுத வேண்டும். மருந்து கொடுத்து அரை மணியில் திரும்ப வந்து கேட்க வேண்டும். இதையும் நைஸ் 2011-இல் எழுதியிருக்கிறது. ஆனால் விதி எங்கோ இருப்பதால் ஆயாவுக்குப் பயனில்லை. கேட்பதற்கு ஆள் வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது விழுந்தால், காஷுவாலிட்டியில் டாக்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: "எக்ஸ்ரேக்குத் தூக்குறதுக்கு முன்னாடி வலிக்கு என்ன கொடுக்கப் போறீங்க? இடுப்புல நரம்பைச் சுத்தி மரப்பு ஊசி போட முடியுமா? இங்க போடுற டாக்டர் யாரு, எத்தனை மணிக்கு வருவாரு?" மரியாதையோடு கேளுங்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால், கேட்டதையும் முடியாது என்றதற்கான காரணத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள், தேதியும் நேரமும் போட்டு.